பூஞ்சை பிடிக்காத செருப்பு

பம்பூஃப்ளாட்,
ஆகஸ்ட் 11, திங்கள்.

சுகுணாவின் அப்பாவுக்கு,

தமிழரசி எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய்யாகும். நலமில்லை என்று எழுதினால் நீங்கள் பதறுவீர்கள். அதனால் அந்த வரியை இந்தக் கடிதத்தில் விட்டுவிட்டேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், அது மட்டும் நிஜம்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் படகு ஜெட்டிப் படியில் பாசி வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. சுகுணா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் சத்தியம் வாங்கிவிட்டேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் நாம் இரண்டு பேரும் மூன்றாவது பேச்சிலேயே சண்டையில் போய் நிற்போம். அதுவுமில்லாமல் இதோடு ஒரு காகிதமும் ஒரு பொட்டலமும் வருகிறது. நம் செந்தமிழன் தம்பிக்கு இந்த வாரம் நீங்கள் இருக்கிற கேம்பல் பே தீவுக்கு வருகிற கப்பலில் டியூட்டி. அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இங்கே மழைதான். பின்பக்கத் தகரத்தில் அதே இடத்தில் ஒழுகுகிறது, அதே வாளியைத்தான் வைக்கிறேன். நீங்கள் நட்ட பப்பாளி இரண்டில் ஒன்று சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஒச்சம்மாக்கா மகளுக்குக் கல்யாணம் முடிந்தது, மாப்பிள்ளை தெலுங்குப் பையன். மணமேடையில் எல்லாரும் ஹிந்தியில்தான் பேசிக்கொண்டார்கள். அக்கா உங்களைக் கேட்டார். வேலையாக இருக்கிறார் என்றேன். இரண்டரை வருஷமாக அதே பதில்தான், கேட்கிறவர்களுக்கும் அலுத்துப்போயிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தையல் மெஷினில் உட்கார முடியவில்லை. துணியை இழுத்துப் பிடிக்க இந்தக் கை உதவாது. சுகுணாவின் நர்சிங் படிப்பை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள், அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என் பிழைப்பை உங்களிடம் கேட்க எனக்கு வாய் வராது. உங்களுக்கே தெரியும், என் வாய் திட்டுவதற்கு வரும், கேட்பதற்கு வராது. ஒச்சம்மாக்காதான், புருஷன் விட்டுப்போன பெண்களுக்கு அரசாங்க உதவித்தொகை இருக்கிறது, மனு கொடு என்று விடாமல் நச்சரித்தார். படகில் சாத்தம் போய், அங்கே பஸ் பிடித்து ஆபீஸுக்கு மூன்று நடை நடந்தேன்.

ஃபாரம் ஹிந்தியில். அதில் என் பேருக்கு நேரே 'பரித்யக்தா' என்று ஒரு சொல். இத்தனை வருஷம் மீன்காரனோடும் போட்காரனோடும் ஹிந்தி பேசியும் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அர்த்தம் என்ன என்று கிளார்க்கைக் கேட்டேன். பதி நே சோட் தியா, புருஷன் கைவிட்டுவிட்டான் என்று அர்த்தம், சரிதானே என்றார். தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய தலையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம் போலிருந்தது. யார் யாரைக் கைவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போன அன்றைக்கு நான் சொன்னது ஒரு வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை. கேம்பல் பேயில் நிரந்தரமாக வேலை கிடைக்கிறது, இந்த வீட்டை விற்றுவிட்டு மூன்று பேரும் அங்கேயே போய்விடலாம் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். அதில் என்ன தப்பு? நான் கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். சிலோனிலிருந்து வந்த எங்கள் அப்பா சாகும்வரை தன் பேரில் ஒரு சுவர் இல்லாமல் போனார். நம் இரண்டு பேர் பேரிலும் வீட்டுக் காகிதம் வந்த அன்று நான் சாப்பிடக்கூட இல்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விற்கலாம் என்றதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. வீட்டை விற்க நினைக்கிற கால் இந்த வாசலில் நிற்கக் கூடாது என்று கத்தினேன்.  வாசலில் கிடந்த செருப்பை ஒரு தடவை பார்த்தீர்கள், போடாமல் வெறுங்காலோடு ஜெட்டிக்கு நடந்துவிட்டீர்கள். பின்னாலேயே ஓடி வந்திருக்கலாம். சாயங்காலம் பசித்தால் வந்துவிடுவார் என்று சோறு வடித்தேன், அவ்வளவுதான் என் புத்தி.

அந்தச் செருப்பால்தான் இப்போது பிரச்சினை. விசாரணைக்கு ஒரு மேடம் வந்தார். நல்ல மனுஷி, டீ குடித்தார், கையைப் பிடித்துப் பார்த்தார். வீடு இரண்டு பேர் பேரில் இருக்கிறதே, அவர் இங்கே வந்து போகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். கிளம்பும்போது வாசலில் உங்கள் தோல் செருப்பைப் பார்த்தார். தனியாக இருக்கிற பொம்பளை, ஆம்பளைச் செருப்பு ஒன்று வாசலில் கிடந்தால் பாதுகாப்பு என்று வைத்திருக்கிறேன் என்றேன். எல்லாரிடமும் சொல்வது அதுதான். அவர் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இந்தத் தீவில் பிறந்தவராம். இரண்டு மழைக்காலத்துக்கு மேல் யாரும் போடாமல் கிடந்த தோலில் ஒரு பொட்டுப் பூஞ்சை கூட இல்லையே என்று கேட்டார்.

 வெள்ளிக்கு வெள்ளி துணியால் துடைத்து, அடுப்புப் பக்கத்தில் காயவைத்து, மறுபடி வாசலில் கொண்டுபோய் வைக்கிறேன் என்று அரசாங்க ஆளிடம் சொல்ல முடியுமா? அலமாரியில் உங்கள் பெல்ட்டு பச்சை பூத்துத்தான் கிடக்கிறது, அதையாவது காட்டியிருக்கலாம். வெட்கத்தில் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கணவர் வந்து தங்குவதாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டார். மனு நின்றுபோயிற்று.

திரும்பப் போய் அழுததில் இன்னொரு விசாரணைக்கு ஒத்துக்கொண்டார்கள், அடுத்த மாதம் பத்தாம் தேதி. கிளார்க் ஒரு வழி சொன்னார். உங்கள் பாதியை என் பேருக்கு எழுதி வாங்கிவிட்டால் எந்தச் சந்தேகமும் வராதாம். அது வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். உங்கள் பாதியை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, நானும் கேட்க மாட்டேன். நம் இரண்டு பேர் பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடம் இப்போது அந்த ஒரு காகிதம்தான்.

இன்னொரு வழி, இதோடு வருகிற காகிதம். நான் என் மனைவியை விட்டுப் பிரிந்துவிட்டேன், அந்த வீட்டில் வசிக்கவில்லை என்று ஹிந்தியில் எழுதியிருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து வேண்டும். நான் செய்ததை நீங்கள் செய்ததாக ஒப்புக்கொள்ளச் சொல்கிறேன். கேட்கவே நாக்கு கூசுகிறது. பெண்சாதி கைவிட்ட ஆம்பளைக்கு அந்த ஃபாரத்தில் இடமில்லை, நான் நன்றாகத் தேடிப் பார்த்தேன்.

பொட்டலத்தில் செருப்பு இருக்கிறது. நேற்று கடைசியாகத் துடைத்தேன். இடது வார் விட்டிருந்தது, நானே இந்தக் கையால் தைத்தேன், தையல் நேராக இல்லை. வாசலில் அது கிடந்த இடத்தில் சிமெண்ட் வெளுப்பாக இரண்டு அடையாளம் தெரிகிறது. மேடம் அதைக் கவனிக்காமல் இருக்க கால்மிதியை இழுத்துப் போட்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதானால் செந்தமிழன் தம்பி திரும்பும்போது கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்படி ஒரு பொய்யில் கையெழுத்துப் போட உங்களுக்கு மனம் வரவில்லை என்றால், அதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டேன். உதவித்தொகை போனால் போகட்டும். அந்தக் காகிதத்தை நீங்கள் தபாலில் அனுப்ப வேண்டியதில்லை, கப்பலில் யாரிடமும் கொடுக்க வேண்டியதுமில்லை. கையோடு கொண்டுவந்து கிழித்துப் போடலாம்.

மழையில் ஜெட்டிப் படி ரொம்ப வழுக்குகிறது. முருகன் உங்கள் காலுக்குத் துணை இருக்கட்டும். வெறுங்காலோடு இறங்காதீர்கள், செருப்பைப் போட்டுக்கொண்டே வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களை அனுப்பியவள்,
தமிழரசி