பின் இருக்கைக்கு எடுத்த அளவு

என் அருமை அண்ணனுக்கு,

அருமை என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும். அருமையான அண்ணனாக இருந்து தொலைத்ததால்தான் இவ்வளவு வலி. யாரோ வழிப்போக்கன் ஏமாற்றியிருந்தால் அன்றைக்கே நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

நீ போய் இன்னும் பத்து நாளில் ஒரு வருஷம் ஆகிறது. திவசத்துக்கு அண்ணி எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாள். காஜா பெராங் ரோட்டில் உன் பட்டறையை ஒரு சீனர் எடுத்து சைக்கிள் கடை போட்டிருக்கிறார், நல்ல மனுஷர். உன் மகள் செல்வி உன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கிற அதே மிஸி வேலைதான். இன்றைக்குக்கூடக் கிளேபாங்கில் ஒரு பிரசவம், ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். மோட்டார் சைக்கிளுக்குப் போன மாதம் செயின் மாற்றினேன்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

உன்னைக் கிடத்தியிருந்த அன்று வந்தவர்கள் எல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு ஒரே பாட்டைப் பாடினார்கள். தங்கச்சிக்குப் புது மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்த மகராசன், இப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போடுவதா? நான் பேசாமல் இருந்ததை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பாதி துக்கம்தான் அண்ணே.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. ஊரெல்லாம் கொடி கட்டியிருந்தார்கள். சைக்கிளை மிதித்து மிதித்து செமாபோக்குக்கும் கிளேபாங்குக்கும் போய்ச் சேர்வதற்குள், எத்தனையோ வீட்டில் பிள்ளை எனக்கு முன்னால் வந்து அழுதுகொண்டிருக்கும். அதனால்தான் வருஷக்கணக்காகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்த வண்டியை வாங்கினேன். கடையிலிருந்து அதை நேராக உன் பட்டறைக்குத்தான் கொண்டுவரச் சொன்னேன். வேறு யாரை நம்புவேன்?

புது வண்டி கடையிலிருந்து வரும்போது ஒருவருக்கும் பொருந்தாது, ஓட்டப்போகிற ஆளுக்குத் தகுந்தபடி அதை அமைக்க வேண்டும் என்று நீ வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாய். ஆள் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் ஒன்றரை விரற்கடை இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ரோட்டில் உள்ள குழியெல்லாம் முதுகில் ஏறும் என்பாய். பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு வளையம், அதில் மூன்று படி. கொக்கி வைத்த சாவியால் திருகினால் ஸ்பிரிங் இறுகும், தளரும். காது புளிக்கக் கேட்டிருக்கிறேன்.

ஒரு வாரம் அந்த வண்டியோடு கிடந்தாய். சாப்பிடக்கூட வரவில்லை என்று அண்ணி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்த ஒரு சாயங்காலம், சீட்டின் மேல் அரிசி மூட்டையும் அதற்கு மேல் ஒரு மாவு மூட்டையும் வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாய். என்ன கூத்து இது என்று கேட்டேன். ஸ்பிரிங் படிய வேண்டும், அப்படியே இருக்கட்டும் என்றாய். என் எடைக்கு அந்த அரிசி மூட்டையே அதிகம். எனக்கு ஏன் அப்போது உறைக்கவில்லை?

பிறகு என்னை ஸ்டூலில் ஒருக்களித்து உட்காரச் சொன்னாய். முழங்காலிலிருந்து குதிகால் வரை மடக்கு அளவுகோல் வைத்து இரண்டு தரம் அளந்தாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? தங்கச்சிக்காக இப்படி அளந்து அளந்து செய்கிறானே என்று, என்னோடு பிரசவத்துக்குத் துணைக்கு வரும் ஆயாவிடம்கூடச் சொல்லிக்கொண்டேன். நீ வண்டிக்கு முன்கண்ணாடி போட்டாய், கால்மறைப்பு போட்டாய், பக்கத்தைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி போட்டாய். பின்னால் மெத்தென்று ஒரு இருக்கை, இடப்பக்கம் கால் வைக்க ஒரு இரும்புத் தட்டு. என் மருந்துப் பெட்டி வைக்கும் சட்டம் எங்கே என்று கேட்டதற்கு, ஆயா பின்னால் உட்கார்ந்து வரட்டுமே, சட்டம் மெதுவாகப் போடலாம் என்றாய்.

ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தினால் கால் விரல்தான் தரையில் பட்டது. ஹேண்டில்பாரை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. சின்னக் கண்ணாடியில் தினமும் வானம்தான் தெரிந்தது, தினமும் திருப்பிவிட்டுக்கொண்டேன். செமாபோக் ரோட்டில் ஒரு குழியில் வண்டி என்னைத் தூக்கிப் போட்டதில் தோளில் மாட்டியிருந்த பெட்டி கீழே விழுந்து மருந்து பாட்டில் உடைந்தது. அங்கே ஒருத்தி வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள், நான் உடைந்த பாட்டிலோடு போய் நிற்கிறேன். உன்னிடம் வந்து முறையிட்டேன். புதுசில் அப்படித்தான் இருக்கும், ஓட ஓட இளகும் என்றாய். நானும் நம்பி, மூன்று வாரம் இடுப்பு வலியோடு ஓட்டினேன். நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பது இதுதானே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பின் ஊரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரப்பர் கம்பெனியில் கணக்கு எழுதுகிற கிராணி, நல்ல வாட்டசாட்டம். காப்பி குடித்ததும் எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏறி உட்காருங்கள் என்று அவரிடம் சொன்னாய்.

அவர் ஏறினார். பின்பக்கம் ஒன்றரை விரற்கடை இறங்கி அப்படியே நின்றது. இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கை நீட்டவே வேண்டியிருக்கவில்லை, ஹேண்டில்பார் கைக்குள் வந்தது. காலையில் நான் திருப்பி வைத்த சின்னக் கண்ணாடி எப்போதோ பழைய இடத்துக்குப் போயிருந்தது, அதில் அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. எனக்கு அந்த அரிசி மூட்டையும் மாவு மூட்டையும் ஞாபகம் வந்தன.

அப்போது நீ என்னைக் கூப்பிட்டாய்.

"பாப்பா, பின்னால ஏறி உக்காரு. அளவு சரியா இருக்கான்னு பாத்துருவோம்."

உட்கார்ந்தேன் அண்ணே. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம். அத்தனை பேர் முன்னால், நீ சொன்னாய் என்பதற்காகப் போய் ஒருக்களித்து உட்கார்ந்தேன். அந்த இரும்புத் தட்டில் என் கால் அச்சாகப் பொருந்தியது. நீ என் அளவைத் தப்பாக எடுக்கவில்லை. பின் இருக்கைக்கு எடுத்தாய்.

இறங்கினேன். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"இது என் சம்பளத்துல வாங்குன மோட்டோ. வண்டி கிராண்ட்ல என் பேருதான் இருக்கு."

பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. உன் முகத்தைப் பார்த்தார். நீ சிரித்தாய். வாய்விட்டுச் சிரித்தாய்.

"வெளையாட்டுப் பொண்ணு. அண்ணன் வாங்கிக் குடுத்தா தன்னோடதுன்னுதானே சொல்லும்?"

எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். நீ என் வண்டியை மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்க நினைத்ததைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. தங்கச்சிக்கு நல்ல இடம் அமைய வேண்டும், பெண் முன்னால் உட்கார்ந்து ஓட்டினால் ஊர் பேசும் என்று பயந்திருப்பாய். ஆனால் அந்தச் சிரிப்பு? ஐந்து வருஷ உழைப்பை ஒரு சிரிப்பில் உன் கணக்கில் எழுதிக்கொண்டாயே, உனக்கு நாக்கு கூசவில்லையா?

சம்பந்தம் முறிந்தது. வண்டி இல்லாத பெண் அவர்களுக்கு வேண்டாம், என்னைக் கேட்காமல் செய்த கல்யாணம் எனக்கு வேண்டாம். மறுநாள் காலையில் உன் பட்டறைக்கே வந்து கொக்கிச் சாவியை எடுத்து, ஸ்பிரிங்கைக் கடைசிப் படிக்குத் தளர்த்தினேன். விரல் தோல் உரிந்தது. பின் இருக்கையைக் கழற்றினேன், இரும்புத் தட்டைக் கழற்றினேன். நீ டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு குனிந்தே இருந்தாய். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

ஒரு மாதம் கழித்துப் பேச ஆரம்பித்தாய். டயரில் காற்று இருக்கிறதா, எண்ணெய் மாற்றினாயா என்று மட்டும். அதற்குள் நீ சொன்ன பொய் ஊர் முழுக்கப் போய்விட்டது. கம்போங் செட்டியில் பிரசவம் பார்க்கப் போனால் அங்கேயும் மலாயில் அதையே கேட்டார்கள், அண்ணன் வாங்கித் தந்த வண்டியா என்று. நீ ஒருவரிடமாவது இல்லை என்று சொன்னாயா?

ஆஸ்பத்திரியில் கடைசி நாலு நாள் உன் பக்கத்தில்தான் இருந்தேன். உன் உதடு அசையும்போதெல்லாம் குனிந்து கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை போதும், தப்பு பண்ணிட்டேன் பாப்பா என்று. பெட்ரோல் குழாய்க் கசிவு நின்றதா என்று கேட்டாய். நின்றுவிட்டது என்றேன். அதோடு கண்ணை மூடிக்கொண்டாய். அதுதான் நீ மன்னிப்புக் கேட்ட விதமா? எனக்குப் புரியவில்லை அண்ணே. புரிகிற மாதிரி கேட்டிருக்கலாம்.

இதையெல்லாம் உன்னோடு சேர்த்தே புதைத்துவிடலாம் என்றுதான் ஒரு வருஷம் இருந்தேன். போன வாரம் செல்வி வந்தாள். அவளும் மிஸி வேலைக்குப் படிக்கப் போகிறாளாம். எனக்கு வாயெல்லாம் பல். மோட்டார் சைக்கிளைத் தடவிக்கொண்டே நின்றவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஆனா எனக்கு மோட்டோ வாங்கிக் குடுக்கத்தான் அண்ணன் இல்லியே அத்த."

அவள் கண்ணுக்கு உன்னைப் போல் யாருமே இல்லை. அப்பா தன் தங்கச்சிக்கு வண்டி வாங்கிக் கொடுத்தார் என்கிற பெருமை ஒன்றுதான் அவள் கையில் மிச்சம். அதை நான் பிடுங்க வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. உன் பொய் செத்தவனுக்குப் பூமாலையாக மட்டும் இருந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அது உயிரோடு இருக்கிற பெண்ணை, யாராவது வாங்கித் தரட்டும் என்று வாசலிலேயே உட்கார வைக்கிறது.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திவசம் முடிந்து எல்லாரும் போனபிறகு, அவளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து உன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறேன். ஒன்றையும் கூட்ட மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ நல்லவன் என்பதையும் சொல்வேன், அந்தச் சிரிப்பையும் சொல்வேன். அவள் அழுவாள். என்னோடு கொஞ்ச நாள் பேசாமல்கூட இருப்பாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து சொல்வேன், உனக்கு அண்ணன் வேண்டாம்டி கண்ணு, உன் சம்பளமே போதும் என்று.

இத்தனைக்குப் பிறகும் உன் தங்கச்சிதான்,
தனலெட்சுமி