அம்மாவின் இடது கால்

பிப்ரவரி 3, செவ்வாய்

நரம்புச் சுருட்டல் வந்த காலிலிருந்து வெட்டியெடுத்த ரத்தக்குழாய்த் துண்டு இன்று ஆய்வகத்துக்கு வந்தது. மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றினேன். தசை சிவப்பு, நார் நீலம். நல்ல குழாயின் சுவரில் தசைச்செல்கள் வளையமாக நெருங்கி நிற்கும். இதில் கலைந்து கிடந்தன. நடுவெல்லாம் நீலம்.

"இந்தச் செல்லுங்க இறுக்கிப் பிடிக்கிற வேலைய விட்டுட்டு நார் உண்டாக்க ஆரம்பிச்சிடுச்சுங்க. சுவரே தொளதொளன்னு ஆயிடுச்சு. நாள் பூரா நிக்கறவங்களுக்கு அதிகம் வரும்," என்றார் சீனியர் அக்கா.

குறித்துக்கொண்டேன். நீலம் அழகாக இருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

வீட்டில் வாளி கவிழ்ந்தது. அம்மா புடவையைத் தூக்கிச் சொருகினாள். இடது காலில், முழங்காலுக்குக் கீழே, புழுப்புழுவாகப் பச்சை முடிச்சுகள். கணுக்கால் கருத்து, அதன்மேல் ஒரு புண். ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்த்ததே இல்லை.

"எப்போலேருந்தும்மா?"

"நீ பள்ளிக்கூடம் போனப்போலேருந்து. இஸ்திரிக் கடையில நின்னா அப்படித்தான். நீதான் தெனமும் ஒத்தடத்துக்குச் சூடு பண்ணிக் குடுக்குறியே."

நான்தான். துணியை மடித்து, இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்துச் சுடச்சுடக் கொடுப்பேன். முட்டிவலி என்றாள், நம்பினேன். சூடு பட்டா குழாய் இன்னும் விரியும் — எனக்குத் தெரியுமே — பரீட்சையில எழுதியிருக்கேனே.

பிப்ரவரி 6

ஆய்வகத்தில் மூன்று கண்ணாடித் தகடுகளைக் கைதவறி உடைத்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

துண்டுகளைக் கொண்டுவரும் அறுவை மருத்துவரிடம் இதுவரை நான் வாயே திறந்ததில்லை. இன்று நடையில் வழிமறித்தேன். அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன்.

"புண்ணு வந்துடுச்சா? நாளைக்கே கூட்டிட்டு வாம்மா."

வீட்டில் சொன்னேன். "பட்டம் வாங்குன கையோட என் காலை வாரப் பாக்கறியா? கடையில யாரு நிக்கறது?" என்றாள் அம்மா.

"நீ வரலைன்னா நானும் வேலைக்குப் போகல." மெதுவாகத்தான் சொன்னேன். என்னையே பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு?"

மார்ச் 3, செவ்வாய்

அறுவை முடிந்து அம்மாவின் துண்டு வந்தது. சீட்டில் ஓர் எண், வயது 48. அவ்வளவுதான்.

"குடு, நான் சீவறேன்," என்றார் அக்கா. நானே சீவினேன். சிவப்பைத் தேட வேண்டியிருந்தது.

மார்ச் 19, வியாழன்

கடைக்கு உயரமான முக்காலி வந்துவிட்டது. உட்கார்ந்து தேய்த்ததில் ஒரு சட்டையின் காலர் மடங்கிக்கொண்டது. "உக்காந்தா சட்டைக்கும் சோம்பல் வந்துடுது," என்று திட்டினாள் அம்மா.

எழுந்திருக்கவில்லை.