சாய்ந்த எழுத்தில் இருந்த பெயர்கள்

அனுப்புநர்:
அ. தனிசுலாஸ், மைன்ஸ் ஓய்வு,
மகன் குவார்ட்டர்ஸ், வட்டம் 21, நெய்வேலி.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கல்லறைத் தோட்டப் பராமரிப்புக் குழு, நெய்வேலி.

பொருள்: உயிரோடு இருக்கும் என்னை இறந்தவர்களோடு சேர்த்துப் படித்ததைத் திரும்பப் பெறக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

"பேரைப் படிச்சதால எவனும் சாவ மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். என்னைப் போலவே பெயர் படிக்கப்பட்ட சவரிமுத்துவும் அதையேதான் சொல்லிச் சிரித்தார். அவர் இப்போது இல்லை. ஆகையால் மீதியை எழுத்தில் தருகிறேன். எழுத்தைப் போன் மாதிரி நடுவில் வைத்துவிட முடியாது.

1. கணவனோ மனைவியோ இறந்தால், மற்றவர் பக்கத்து இடத்தைத் தனக்கென்று பதிந்துவைப்பது நம் வழக்கம். குழுவின் இணையப் பக்கத்தில் அப்படிப் பதிந்தவர் பெயர் மட்டும் சாய்ந்த எழுத்தில் இருக்கும். சாய்ந்திருப்பவர் இன்னும் படுக்கவில்லை என்று பொருள். என் மனைவி மார்த்தாள் நேர் எழுத்து, நான் சாய்வு.

2. கல்லறைத் திருநாளில் மைக்கில் படிப்பதற்காக, தங்கள் கம்ப்யூட்டர்காரர் பவுல்ராஜ் அந்தப் பக்கத்தின் உள்குறிகளை நோட்பேடில் திறந்து வெறும் எழுத்தாக மாற்றினார். தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டார். தலைப்புக்குக் கீழே கோடு போட்டார். சாய்வுக் குறியை மட்டும் அழகுக்குப் போட்டது என்று நினைத்து, ஒரே தட்டில் எல்லா இடத்திலும் அழித்துவிட்டார். நாங்கள் எல்லாம் நிமிர்ந்து, செத்தவர்களோடு வரிசையில் நின்றுவிட்டோம்.

3. அன்று மார்த்தாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். என் பெயர் வந்தது. செத்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றியை எனக்குத் தரும்படி கூட்டம் முழுக்கக் கடவுளிடம் கேட்டது. பழக்கதோஷத்தில் நானும் கூடச் சேர்ந்து கேட்டுவிட்டேன்.

4. சாய்ந்த பெயர்களில் முதலாவது சவரிமுத்து. அந்த வாரமே போனார். இரண்டாவது ரெஜினா. சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு நின்றவர், பஸ் வந்தபோது உயிரோடு இல்லை. மூன்றாவது நான். படித்த அதே வரிசை.

5. எனக்கென்று விட்டிருக்கும் காலி இடத்தில் இப்போது யாரோ மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஊதி அணைத்துவிட்டு கேட் வரை வந்து திரும்பினால் எரிகிறது. நிலக்கரித் தூசு எல்லாக் கல்லறை மேலும் படிகிறது. என் இடத்தில் மட்டும் படிவதில்லை. நான் ஷிப்ட் முடிந்து வருமுன் கட்டிலைத் தட்டி விரித்துவைப்பது மார்த்தாளின் பழக்கம்.

6. இந்த மனுவைத் தட்டுவதும் பவுல்ராஜ்தான். "என் மேல குடுக்கற புகாரை நானே அடிக்கணுமா பெரியப்பா?" என்கிறார். "நீ அழிச்சதுக்கு நீயே அடி, அப்பதான்டா கை திருந்தும்" என்றேன். அதையும் விடாமல் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

7. எனவே அதே இடத்தில், அதே மைக்கில், என் பெயரைக் கூப்பிட வேண்டும். மூணாங்கிளாசோடு நின்றவன் என்றாலும் "உள்ளேன் ஐயா" சொல்ல எனக்குத் தெரியும். எனக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்குப் பிறகு சாய்ந்த எழுத்தில் யார் இருக்கிறார் என்று பக்கத்தைத் திறந்து பார்க்கும்படி பவுல்ராஜிடம்

ஐயா, இதுக்கு அப்புறம் நானே கைப்பட எழுதறேன். பவுலு தொறந்து பாத்தான். எழுந்து வெளிய போய்க்கினே இருக்கான். "டேய், இன்னும் முடிக்கலடா"ன்னு கத்தறேன், திரும்பல. அடுத்த பேரு அவனுதுதாங்க. அவன் பொண்டாட்டி பொற்கொடிய அடக்கம் பண்ண அன்னிக்கு அழுதுகினே பதிஞ்ச எடம். சின்ன வயசுக்காரன். அவன் பதிஞ்சது எனக்கும் மறந்துபோச்சி, அவனுக்கும் மறந்துபோச்சி. மைக்குல எம் பேருக்கு அப்புறம் படிச்சது எங்க ரெண்டு பேரு காதுலயும் ஏறல.

புகார வாபஸ் வாங்கிக்கறேன். அவன் பேரை மொதல்ல கூப்புடுங்க. எனக்கு வரிசை தப்புனாலும் பரவால்ல. பதில் சொல்ல அவன் வாய் வரலன்னா, பின்னால நின்னு நான் குத்தறேன்.

நெய்வேலி,
24.11.2014

இப்படிக்கு,
அ. தனிசுலாஸ்