மாலை கழற்றிய பிறகு

தை 6, செவ்வாய்

விடியலில் கடும் பனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. கோலமாவு டப்பாவுக்குள்ளேயே ஈரம்.

இவர் சபரிமலை போய்வந்து, மாலையைக் கழற்றி மூன்று நாள். கறுப்பு வேட்டி, துண்டு எல்லாம் துவைத்து மடித்தாயிற்று. பிரசாதம் தெரு முழுக்கக் கொடுத்தாயிற்று, பூட்டிக் கிடக்கிற கடைசி வீடு தவிர.

வாங்கியது: துவரம்பருப்பு, நல்லெண்ணெய், விளக்குத் திரி, பாப்பாவுக்குப் பேனா.

விரதம் முடிந்த வீடாயிற்றே என்று ஞாயிறன்று கோழிக்குழம்பு வைத்தேன். இரண்டு வாய். கையைக் கழுவிவிட்டார். இன்னும் வெறும் தரையில்தான் படுக்கை. தாடி எடுக்கவில்லை. வண்டியும் எடுக்கவில்லை. மலையில் மரவள்ளி பிடுங்குகிற நேரம். வெள்ளிமலையிலிருந்து கிழங்கு ஏற்றிக் கீழே ஜவ்வரிசி மில்லில் இறக்குவதுதான் எங்கள் குட்டி யானை வண்டிக்குப் பிழைப்பே. போன் அடித்தபடி இருக்கிறது. எடுப்பதில்லை.

பாப்பா, பத்தாவது படிக்கிறவள், சாப்பிடும்போது சொல்கிறாள்: "அம்மா, அப்பா மாலையத்தான் கழட்டினாங்க. இன்னும் சாமியாவே இருக்கறாங்க."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

தை 8, வியாழன்

வெயில் வந்தும் குளிர் போகவில்லை. முறுக்கு மாவு அரைத்தது. கேஸ் மாற்றியது.

இவருடைய அண்ணன் வந்தார். வாசலிலிருந்தே சத்தம்.

"இன்னாடா சேகரு, மலைக்குப் போனவன் பாதி வழியிலயே நின்னுட்டியா?"

இவர் நிமிரவில்லை.

"ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லண்ணா."

"அப்ப வண்டிய எடு. ஆம்பள வூட்ல குந்திக்கினு இருந்தா இல்லாத நோவெல்லாம் வரும்."

டீ குடித்துவிட்டுப் போகும்போது எனக்கும் ஒன்று: "நீ ஜாஸ்தி செல்லம் குடுக்கறம்மா."

சாயந்திரம் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். இவர் வந்து வண்டிச் சாவியை என் கையில் வைத்தார்.

"உங்கிட்டயே இருக்கட்டும்."

"நாளைக்கு வெள்ளிக்கெழம. பூஜை போட்டுடட்டுமாங்க?"

தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. நான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன். சாவி சாமிப் படத்தடியில்.

தை 9, வெள்ளி

வண்டி கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டிச் சாவியை நீட்டினேன். சூடு பட்டது போலக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வெச்சிக்கன்னு சொன்னேனில்ல."

செய்து பார்த்தது: உப்பு மிளகாய் சுற்றிப் போட்டது. மாரியம்மனுக்கு எண்ணெய் விளக்கு. மந்திரித்த கயிறு. வேப்பிலை அடித்தது. எல்லாம் ஆயிற்று.

அரிசி டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது. எப்போதும் இதற்குள் புது மூட்டை பிரித்திருப்பேன். விரதத்தில் மிச்சம் பிடித்தோம் என்று பெருமைப்பட்டவள் நான்.

கார்த்திகை முதல் நாள் மாலை போட்டார். சாப்பாடு குறைந்தது, ஒருவேளை விரதம் என்றார்கள். பேச்சு குறைந்தது, என்னா கட்டுப்பாடு என்றார்கள். பஜனையில் சரணம் சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்து வீட்டு அக்கா என் காதில், "உம் புருஷனுக்கு இருக்கற பக்திக்கு நீ குடுத்து வெச்சவ" என்றாள். எனக்குச் சிலிர்த்தது.

அவ்வளவும் பக்திதானா? கும்பிட்ட சாமிமேல் சந்தேகம் இல்லை. நான் பார்த்த பார்வைமேல்தான்.

தை 13, செவ்வாய்

மலையில் கிழங்கு பிடுங்கிப் போட்டது காய்கிறது என்று நேற்றெல்லாம் போன். கடைசியில் குருசாமி ராமலிங்கம் வந்தார். ஐயப்ப குழுவைக் கூட்டிப் போகிறவர், அவரும் வண்டிக்காரர். "நான் ஓட்றன், சாமி பக்கத்துல குந்தட்டும். காத்து பட்டா சரியாப் போவும்" என்றார். சாமை வாங்கணும் என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்கியதும் இவர் கால் ஆடத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவு வரவர என் முழங்காலை இறுக்கிப் பிடித்தார். இவர் தினமும் ஓட்டுகிற ரோடு.

"நிறுத்து. நிறுத்து சாமி."

இறங்கிப் போய் ரோட்டுத் தடுப்புச் சுவரோரம் உட்கார்ந்தார். குருசாமி டயர் பார்க்கிற சாக்கில் பின்பக்கம் ஒதுங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே ஊரெல்லாம் பனிக்குள். இவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"குருசாமிய மறுபடியும் மாலை போடச் சொல்லு."

"சீசன் முடிஞ்சிடுச்சேங்க. எதுக்கு?"

"மாலை இருந்தா ஏன் சிரிக்கல, ஏன் துன்னலன்னு யாரும் கேக்கமாட்டாங்க."

இவர் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தேன். இவரே மறுபடியும்,

"கழுத்துல மாலை இருக்கறவரைக்கும், அந்த நெனப்பு வந்தா பயமா இருந்திச்சி. சாமி குத்தம் ஆயிடும்னு. இப்ப அந்தப் பயமும் இல்ல."

"எந்த நெனப்புங்க?"

"வளைவுல திருப்பாம நேராவே போய்ட்டா இன்னான்னு."

எழுந்து ஓடினேன். வண்டியில் தொங்கிய சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். குருசாமி ஓடி வந்தார். "இன்னாம்மா? இன்னா ஆச்சி?" வீட்டுக்குப் போயிடலாம்ணா என்று மட்டும் சொன்னேன். கிழங்கு ஏற்றாமல் திரும்பினோம். சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஊர் வந்ததும் நான்தான் வாங்கிக்கொண்டேன்.

சாமை வாங்கவில்லை.

தை 14, புதன்

பால் திரிந்துவிட்டது. கவனம் இல்லை.

சாயந்திரம் பாப்பாவை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிவிட்டு குருசாமி வீட்டுக்குப் போனேன். மாலை விஷயம் மட்டும் முதலில் சொன்னேன். சிரித்தார்.

"சாமிக்கு ஐயப்பன வுட்டுட்டு வர மனசு வரலியா? அடுத்த கார்த்திகைக்கு மொத மாலை அவருக்குத்தான், போ."

மீதியையும் சொன்னேன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவர் வீட்டம்மா உள்ளே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

"எங்க சித்தப்பா மவன் இப்படித்தான் போனான்," என்றார். "வயித்துவலி தாங்காமன்னு ஊருக்குச் சொன்னம். போலீசுக்கும் அதையேதான் சொன்னம். அவன் ஜென்மத்துல வயித்துவலின்னு படுத்ததில்ல."

"அப்ப மாலை போட்டுடுங்கண்ணா. அதையாவது பண்ணுங்க."

"போடறது ஒரு நிமிஷ வேலம்மா. போட்டா மறுபடியும் எல்லாம் சாமி சரணம்னு கும்பிட்டுட்டுப் போயிக்கினே இருப்பம். ஒருத்தனும் கேக்கமாட்டான். இத்தினி நாளு கூடவே படுத்து எழுந்தன், நான் கேட்டனா?"

பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறாராம். எனக்கு உடனே வந்த பயம், பாப்பாவுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பைத்தியக்காரன் மகள் என்பார்களே என்று. இவர் உயிரைவிட அதுதான் முதலில் வந்தது. எழுதவே கூசுகிறது. வந்தது வந்ததுதான்.

"இவரு வரமாட்டாருண்ணா."

"இருமுடிய எவன் தானா தலையில ஏத்திக்கறான்? நான்தான தூக்கி வெக்கறன். நானே வரன்."

தை 16, வெள்ளி

விளக்கேற்றி, முருகா, நீ கூட வா, உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை என்று சொல்லிக் கும்பிட்டேன்.

இவர் எழவில்லை. "நான் இன்னா பைத்தியமா?" என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். குருசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அந்த வெறுந்தரையிலேயே பக்கத்தில் படுத்தார்.

"ஆமா சாமி, பைத்தியம்தான். நானுந்தான். காலு வெடிச்சி ரத்தம் வரவர மலை ஏறனவன்தான நாம ரெண்டு பேரும்? ஆஸ்பத்திரி வராண்டாவுல நடக்க முடியாதா?"

சுவரிலிருந்து முகம் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. பிறகு இவர், "சட்டை எங்க?" என்றார்.

வராண்டாவில் வரிசை. ஆண்கள்தான் அதிகம். எனக்கு அது ஆச்சரியம். எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தபடி. ஒருவர் இவரிடம், "தூக்கம் வரலியா?" என்றார். "அதுவும்," என்றார் இவர்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எத்தனை நாளாக என்று கேட்டாள். "கார்த்திகையிலேர்ந்துங்க," என்றேன் நான். "ஆடியிலேர்ந்து," என்றார் இவர்.

ஆடி. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. பக்கத்திலேயேதான் இருந்தேன்.

செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, வாயில் வரலாமா அந்த வார்த்தை என்று எனக்குப் பதறியது. "ஆமாங்கம்மா," என்றார். சொன்னதும் தோள் இரண்டும் கீழே இறங்கின. மூட்டை இறக்கிய ஆள் போல.

டாக்டர் சொன்னது:
இது வியாதி. சோம்பல் இல்லை, சாமி குற்றம் இல்லை.
மாத்திரை உடனே கேட்காது, சில வாரம் ஆகும். நடுவில் நிறுத்தக்கூடாது.
தனியாக விடக்கூடாது.
வண்டி இப்போதைக்கு வேண்டாம்.
பூச்சிமருந்து வீட்டில் இருக்கக்கூடாது.
கோயிலுக்குத் தாராளமாகப் போகலாம். (நான் கேட்டேன்.)

தை 17, சனி

மூத்தாரை, இவர் அண்ணனை, கூப்பிட்டனுப்பினேன். அவர் கரும்புக்கு அடிக்கிற மருந்து எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் இருக்கிறது. எடுத்துப் போங்கள் மாமா என்றேன்.

"அது பாட்டுக்கு கெடக்குது. ஒனக்கு இன்னா பண்ணுது?"

சொன்னேன். எல்லாவற்றையும். முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

திட்டுவார் என்றுதான் நின்றேன். திட்டவில்லை. கேனை எடுத்துச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டினார். கட்டி முடித்தும் கயிற்றையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய சொல்லிக்கினு இருக்காத."

"சரிங்க மாமா."

"அந்த டாக்டரு எந்தெந்தக் கெழம வரும்?"

"யாருக்கு மாமா?"

கேட்காமல் விட்டதெல்லாம் போதும் என்றுதான் கேட்டேன்.

"சும்மா," என்று வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தை 18, ஞாயிறு, தைப்பூசம்

காலையிலிருந்து மேளம். காவடி எங்கள் தெரு வழியாகத்தான். இவர் ஜன்னல் வரைக்கும் வந்தார், வாசலுக்கு வரவில்லை. மாத்திரையால் நாக்கு வறள்கிறதாம். மோர் கொடுத்தேன். பாதி குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சில வாரம் என்றுதானே சொன்னாள்.

செய்ய வேண்டியது: மில்காரரிடம் பேசுவது. மலைக்கு வேறு ஆள் போட குருசாமியிடம் சொல்வது. பாப்பாவிடம் என்ன சொல்வது?

அவளே கேட்டுவிட்டாள். "அப்பாவுக்கு மனசு சரியில்லியா?" இவர் காதுபடவே. நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "ஆமா பாப்பா" என்றார். அவள் புத்தகத்தை எடுத்துவந்து அவர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஆமாம், பாய். நான் போட்டேன், தள்ளிவிடவில்லை.

காவடி போய்த் தெரு அமைதியானதும் இவர் கேட்டார்.

"சாவி எங்க?"

இடுப்பில் செருகிய முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினேன்.

"அங்கயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத."