கார்விக் தோற்ற சனிக்கிழமை

டன்மோர், இண்டியானா
மார்ச், ஞாயிறு காலை

அன்புள்ள லோர்னாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை பேட்ரிக்கும் உங்கள் கையை நம்பியிருக்கும் அத்தனை ஆடுமாடுகளும் அப்படியே இருக்க வேண்டும். உங்களுக்கு நியூசிலாந்தில் இலை உதிர ஆரம்பித்திருக்கும், இங்கே பனி உருகி வாசலெல்லாம் சேறு. ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, ஆனால் தெருவுக்கு வராது என்கிறார்கள். அம்மா உனக்குப் பின்னிய சட்டை முடிந்துவிட்டது, கழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது என்று இரண்டு முறை பிரித்தாள். அதைத் தனியாக அனுப்புவோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும், அதனால் நீ இதைப் படிக்கும்போது இன்று மாலை என்ன நடந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு எழுதினால் வேறு மாதிரி எழுதிவிடுவேன் என்று தோன்றியதால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போன கடிதத்தில் கேட்டிருந்தாய், தம்பியோட டீம் இத்தனை ஆட்டம் ஜெயிச்சிருக்கு, நீங்க ஏம்ப்பா இப்படிப் பயந்து பயந்து எழுதுறீங்க என்று. நியாயமான கேள்வி. நீ சின்ன வயதில் கூடைப்பந்து அரங்கத்துக்கு வந்தாலும் கதைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்த பெண், உனக்கு இதெல்லாம் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும். இன்றைய கணக்கு இருபத்தேழு வெற்றி, ஐந்து தோல்வி. உன் தம்பி கிரேடி பயிற்சியாளரான பிறகு இது போல ஒரு வருடம் வந்ததில்லை, நம் கல்லூரிக்கே வந்ததில்லை. ஆனால் உன்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது என்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பார். நீ நம் பள்ளியில் முதல் மாணவி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. நேர்முகம் நடத்திய அம்மாள் தாளைப் பார்த்துவிட்டு, மார்க் நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா எந்தப் பள்ளிக்கூடம், உன்கூட யாரெல்லாம் படிச்சாங்க என்று கேட்டாள். நீ போனில் அழுதாய். உன்னோடு படித்தவர்கள் மந்தமாக இருந்தால் உன் தொண்ணூற்றெட்டும் மந்தமாகத் தெரிகிறது, அவ்வளவுதான் விஷயம். நம் கல்லூரி விளையாடுவது பத்துச் சின்னக் கல்லூரிகள் சேர்ந்த ஒரு கான்ஃபரன்ஸில். குளிர்காலம் பூராவும் இந்தப் பத்துப் பேரும் தங்களுக்குள்தான் மோதிக்கொள்கிறார்கள். தேசியப் போட்டிக்கு ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் கடைசியில் கோப்பை வாங்குகிறவனுக்கு நேரடி இடம், மிச்ச இடங்களை ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து பிரித்துக் கொடுக்கிறது. அந்தக் குழு எத்தனை ஆட்டம் ஜெயித்தாய் என்று மட்டும் கேட்பதில்லை, யாரை ஜெயித்தாய் என்று கேட்கிறது.

அப்படியானால் பெரிய கல்லூரிகளை வரச் சொல்லி ஜெயித்துக் காட்டலாமே என்பாய். கிரேடி கோடை முழுவதும் அதைத்தான் செய்தான், சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். நம் அரங்கத்துக்கு வர ஒருவனும் சம்மதிக்கவில்லை. ஜெயித்தால் டன்மோரைத்தானே ஜெயித்தான் என்பார்கள், தோற்றால் மானம் போய்விடும், எதற்கு வருவான். ஒருத்தர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னாராம், கிரேடி, நீ கொஞ்சம் மோசமா ஆடுறவனா இருந்தா வந்திருப்பேன்டா என்று. அதைச் சொல்லிவிட்டு உன் தம்பி சிரித்தான், அம்மா சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் தன் ஊருக்குக் கூப்பிட்டது, அங்கே போய்க் கூடுதல் நேரம் வரை இழுத்து ஒரே ஒரு கூடையில் தோற்றோம்.

ஜரெல் விட்லோவை உனக்குத் தெரியாது. பந்தை முன்னால் கொண்டு போகிற பையன், நான்காம் வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டில்தான் சாப்பாடு. போன வசந்தத்தில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் அவனை வந்துவிடு என்று கூப்பிட்டன, அவன் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டதற்கு, மசித்த உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டே, கோச் சொன்னாரு ஆன்ட்டி, இன்னும் ஒரு வருஷம் இருடா, தேசியப் போட்டிக்குச் சேர்ந்தே போவோம்னு, இருந்துட்டேன் என்றான். இவ்வளவுதான். கிரேடி அப்படிச் சொன்னபோது பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னான். ஆனால் சொன்னது சொன்னதுதானே, அந்தப் பையனுக்கு இதுதான் கடைசி வருடம்.

இப்போது டாட்டியின் காபிக் கடை மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் நேற்று நடந்தது புரியாது. பழைய படகுத்துறை மணியை அவள் காசு வாங்கும் இடத்துக்கு மேலே தொங்கவிட்டிருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ போன பிறகு அதற்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. பக்கத்து மாவட்டத்துக் கார்விக் கல்லூரி எங்கே யாரிடம் தோற்றாலும் மணி அடிப்பாள், கடையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு டோனட் இலவசம். ஊருக்கே அந்தக் கல்லூரி மேல் அப்படி ஒரு வெறுப்பு. நவம்பரிலிருந்து கார்விக் வெளியூர்க் கல்லூரிகளிடம் தோற்றபோதெல்லாம் நான் அந்த மணியைக் கேட்டேன், கேட்டபோதெல்லாம் நமக்கும்தான் நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஆற்று மதகில் படகுகள் நிற்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, கதவை அடைத்துத் தண்ணீரை வடித்தால் உள்ளே நிற்கிற எல்லாப் படகும் சேர்ந்துதான் இறங்கும், எதிரியின் படகு மட்டும் தனியாக இறங்காது. கார்விக்கை இரண்டு முறை ஜெயித்ததுதான் நம்மிடம் இருக்கும் பெரிய சொத்து. கார்விக் வெளியில் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அந்தச் சொத்தின் மதிப்பு குறைந்தது. நாங்கள் டோனட் தின்றுகொண்டிருந்தோம். அதோடு அடுத்த வருடம் கார்விக் நம் கான்ஃபரன்ஸை விட்டு ஒரு பெரிய கான்ஃபரன்ஸுக்குப் போகிறது. அந்தச் செய்தி வந்த அன்று பையன்கள் அட்டையில் சவப்பெட்டி செய்து ஆற்றங்கரையில் கொளுத்தினார்கள், பாதி ஊர் நின்று கைதட்டியது. இருப்பதில் நல்ல படகு போன பிறகு மிச்சம் இருப்பது எவ்வளவு தாழ்வாக மிதக்கும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கான்ஃபரன்ஸ் கோப்பையின் அரையிறுதியில் ஸ்டோவர் கல்லூரியிடம் தோற்றோம். பட்டியலில் ஏழாவது இடத்தில் இருந்த அணி அது, கடைசி வினாடியில் பாதி மைதானத்திலிருந்து ஒருவன் எறிந்த பந்து உள்ளே போய்விட்டது. ஆக, நேரடி இடம் போயிற்று, இனிக் குழுவின் தயவுதான். சனிக்கிழமை மதியம் இறுதி ஆட்டம், கார்விக்கும் ஸ்டோவரும். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படி. கார்விக் ஜெயித்தால் அவர்கள் நேரடி இடத்தை எடுத்துக்கொண்டு குழுவின் முன் நிற்கிற வரிசையை விட்டு விலகிவிடுவார்கள், கோப்பை வாங்கினவனையே இரண்டு முறை அடித்தவர்கள் என்ற பெயரும் நமக்கு நிற்கும். ஸ்டோவர் ஜெயித்தால் கார்விக்கும் நம்மோடு அதே வரிசையில் வந்து நிற்கும், நம் கான்ஃபரன்ஸைப் போன்ற ஒன்றுக்குக் குழு இரண்டு இடம் கூடுதலாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒன்று கொடுப்பதே அபூர்வம், அதற்கும் இரண்டு பேர் போட்டி. நான் டாட்டியிடம் போய், இன்றைக்கு மட்டும் நாம் கார்விக் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டு, சார், உங்களுக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னாங்க, இவ்வளவு ஆயிடுச்சுன்னு எனக்குத் தெரியாது என்றாள். முடி வெட்டுகிற வெர்லின் பக்கத்து நாற்காலியில் இருந்தான், என் கணக்கு வகுப்பில் பின்னங்கள் வராமல் இரண்டு வருடம் உட்கார்ந்தவன். கார்விக்குக்குக் கை தட்டச் சொன்னா என் கை ரெண்டும் வேலையை ராஜினாமா பண்ணிடும் சார், அப்புறம் உங்க தலையை யார் பாத்துப்பா என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கரும்பலகை இருந்தால் வரைந்து காட்டியிருப்பேன், ஆனால் வரைந்தாலும் அவர்கள் மாறியிருக்க மாட்டார்கள். கணக்கு புரியாததால் வந்த வெறுப்பு இல்லையே அது.

கடைத் தொலைக்காட்சியில் ஓடிய அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிரேடிக்கு மனம் வரவில்லை. கடைக்கு எதிரே வண்டியை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான், ஜன்னல் வழியே எனக்கு அவன் தொப்பி மட்டும் தெரிந்தது. கடைசி ஐந்து நிமிடம் வரை கார்விக் முன்னால் இருந்தது. பிறகு ஸ்டோவர் ஒரு கூடை, இன்னொரு கூடை, அதன் பிறகு நிற்கவே இல்லை. கடையில் கூரை பறக்கிற மாதிரி சத்தம். முதல் நாள் நம்மைத் தோற்கடித்த அதே ஸ்டோவருக்காக நம் ஊர் மேசையைத் தட்டிக் கத்தியது. டாட்டி நாற்காலி மேல் ஏறி மணி அடித்தாள். தெருவுக்கு எதிரே இருந்தவனுக்கு அந்த மணியே செய்தி. கதவைத் திறந்து இறங்கிக் கடைக்குள் வந்தான். வாங்க கோச், ஒழிஞ்சான் பாருங்க என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். டாட்டி அவன் கையில் சர்க்கரை தூவிய டோனட் ஒன்றை வைத்தாள். அவன் அதை முழுவதும் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நல்லாருக்கு டாட்டிக்கா, தேங்க்ஸ் என்றான். அவனுக்குப் பசியே இல்லை என்று எனக்குத் தெரியும். வெளியே வந்த பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டான், ஜரெல் முகத்தை நாளைக்கு எப்படிப்பா பாக்குறது என்று. அவன் சட்டையில் சர்க்கரை ஒட்டியிருந்தது, தட்டிவிட்டேன்.

இன்று மாலை ஆறு மணிக்குக் குழு பெயர்களைத் தொலைக்காட்சியில் வாசிக்கும். கல்லூரி அரங்கத்தில் பெரிய திரை கட்டியிருக்கிறார்கள், எல்லோரும் வரலாம். தேசியப் போட்டிக்குப் போகிறோம் என்று எழுதிய சட்டைகள் போன வாரமே அச்சாகி வந்துவிட்டன, முதல் வரிசையில் உட்காரும் பையன்களுக்கு நேற்று கொடுத்துவிட்டார்கள். ஜரெலின் அம்மா எவன்ஸ்வில்லிலிருந்து அவன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வருகிறாள். தொலைக்காட்சிக்காரர்கள் கேமரா வைக்கிறார்கள் என்று ஊர் முழுக்கப் பெருமை, கேமரா வருதுன்னா அவங்களுக்கு முன்கூட்டியே தெரியும் சார் என்று வெர்லின் சத்தியம் செய்கிறான். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கலக்கமாக இருக்கிறது. உள்ளே இருப்பது உறுதியானவர்களை அவர்கள் அதிகம் படம் எடுப்பதில்லை. விளிம்பில் நிற்கிறவர்களிடம்தான் கேமராவைக் கொண்டு வருவார்கள், விழுந்தாலும் எழுந்தாலும் முகம் நன்றாகப் பதியும். கிரேடிக்கும் இது தெரியும், ஜரெலின் நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாகப் போடச் சொன்னானாம். முடியாது, அவன்தான் நடுவில் இருக்க வேண்டும் என்று படம் எடுக்கிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

என் கணிப்பு தப்பாகவும் இருக்கலாம் லோர்னா. கடினமான தாளில் தேறமாட்டார்கள் என்று நான் நினைத்த பையன்கள் தேறியிருக்கிறார்கள். குழுவில் இருப்பவர்களும் மனிதர்கள், அந்தக் கூடுதல் நேர ஆட்டத்தை யாராவது ஒருவர் பார்த்திருக்கலாம். அம்மா அப்படித்தான் நம்புகிறாள், காலையிலிருந்து அரங்கத்துக்குக் கொண்டு போகக் கேக் செய்துகொண்டிருக்கிறாள், மேலே என்ன எழுதுவது என்று மட்டும் என்னைக் கேட்டாள். வெறுமனே விடு என்றேன். கோபித்துக்கொண்டாள்.

நீ வேலைக்குப் போகும்போது அந்த மலைச் சாலையில் மெதுவாக ஓட்டு, பேட்ரிக்கிடமும் சொல். உன் முதுகு வலிக்கு மருத்துவரைப் பார்த்தாயா, மாட்டுக்குப் பார்க்கிற அக்கறையில் பாதியை உனக்கும் பார்த்துக்கொள். தம்பிக்கு ஒரு போன் செய். பெயர் வந்திருந்தால் ஊரே அவனைக் கூப்பிட்டிருக்கும், நீ அவசரப்பட வேண்டாம். வராமல் போயிருந்தால் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், அப்போது நீ கூப்பிடு. பந்தைப் பற்றிக் கேட்காதே. உன் ஆடுகளைப் பற்றிச் சொல், அவனுக்கு அது பிடிக்கும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், பிரிந்த ஊரையும் மறக்காமல், நிறைந்த வாழ்வு வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

இதை மடிக்கப் போகும்போது டாட்டி வாசலில் வந்து நின்றாள். மணியைக் கழற்றி அரங்கத்தில், திரைக்குப் பக்கத்தில் மாட்டியாகிவிட்டதாம். நம்ம பேரு வந்ததும் நீங்கதான் சார் அடிக்கணும், இந்த ஊருக்கே கணக்கு சொல்லிக் கொடுத்தவர் நீங்க என்றாள். சரி என்றேன். கயிறு சின்னதாம், பெயர் வாசித்து முடிகிறவரை அதைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால், ஜரெலுக்கு எதிரே நிற்க வேண்டுமாம். போகிற வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன்.

உன் அப்பா,
ஓரின் ஹாஸ்கெட்