குண்டு பல்பும் இடது இறக்கையும்

லாரியில் ஏறுவதற்கு முன்னால் உன் மல்லிகா என் கையில் ஒரு குண்டு பல்பைக் கொடுத்தாள். உன் மேஜைக்கு மேலே தொங்கியதுதான். "சாமானோட போட்டா உடைஞ்சிரும்ணே, நீங்களே வச்சுக்குங்க" என்றாள். துண்டில் சுற்றி, நடுவட்டம் வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். இப்போது பேக்கரியில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. என் விரல்களில் சூடான பிளாஸ்டிக் வாசம் இன்னும் போகவில்லை. நேற்றும் இன்றும் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு வேலை ஓடாது மச்சான்.

எஸ்டேட் வீடு வேலையோடு போய்விடும் என்பது உனக்குத் தெரியாததல்ல. நீயே போன பிறகு இங்கே என்ன இருக்கிறது என்று, பொங்கல் முடிந்ததும் காலி செய்து திருப்பூரில் மகளோடு போய் இருப்பதாக மல்லிகா முடிவெடுத்திருந்தாள். இன்று மதியம் லாரி என்று பேச்சு. முந்தாநாள் கடைக்கு வந்து, பன் எதுவும் வாங்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.

"அந்தப் பிளேனு பறக்குமாண்ணே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ அந்த மேஜையே கதியென்று ரிமோட்டில் பறக்கும் பிளேன் கட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் அதை அவள் பிளேன் என்று சொன்னதே இல்லை. சக்களத்தி என்றுதான் சொல்வாள். "அவரு இருந்தப்ப ஒரு தடவ கூட கிரவுண்டுக்கு வரல. ஊர விட்டுப் போறதுக்குள்ள ஒரு வாட்டி பாத்துடணும்ணே" என்றாள். "பாத்துடலாம் அம்மிணி" என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். அவள் போன பிறகுதான் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டோமோ என்று பட்டது.

ஏனென்றால் நீ அதை முடிக்காமல் போய்விட்டாய். வலது இறக்கையின் மரச்சட்டம் முழுவதும், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் சிவப்புப் பிளாஸ்டிக் ஃபிலிமை ஒட்டியிருந்தாய், தட்டினால் மேளம் மாதிரி டம் என்றது. இடது இறக்கையில் அடிப்பக்கம் மட்டும்தான் ஒட்டியிருந்தாய். அந்த ஒரு பக்க ஃபிலிம் சூட்டில் சுருங்கி இழுத்ததில் இறக்கையே முறுக்கிக்கொண்டிருந்தது. மேஜையில் வைத்தால் ஒரு மூலை எழும்பி நின்றது. மேல்பக்கத்துக்கு நீ அளந்து வெட்டி, பேப்பரில் சுருட்டி வைத்த ஒரே ஒரு துண்டு ஃபிலிம் இருந்தது. அதில் ஓட்டை விழுந்தால் அவ்வளவுதான், வேறு வாங்கி வரும்வரை லாரி நிற்காது. ஓட்டை விழாமல் ஒட்டி முறுக்கை எடுக்காமல் விட்டாலோ, பிளேன் மேலே போனதும் ஒரு பக்கமாகப் புரண்டு அவள் கண்ணெதிரிலேயே தரையில் குத்தும். நம் மஞ்சள் பிளேன் போன கதி ஞாபகம் இருக்கிறதா? மிஸ்ட் இறங்கிய ஆடி மாதத்தில் அவசரப்பட்டு ஒட்டினாய். ஈரம் குடித்திருந்த மரம் தை மாத வெயிலில் காய்ந்ததும் இறக்கை தானாகவே முறுக்கிக்கொண்டு, தேயிலைச் செடிக்குள் தலைகீழாகப் போய்ச் சொருகியது. "மரம் தண்ணி குடிச்சது எனக்குத் தெரியாமப் போச்சு மச்சான்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாய். அதற்குப் பிறகு இறக்கைகளை அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காயவைத்த பிறகுதான் தொடுவாய்.

கட்டுவது நீ, பறக்கவிடுவது நான் என்பதுதானே நம் கணக்கு. இஸ்திரிப் பெட்டியை என்னைத் தொடவே விட்டதில்லை. "ரொட்டியக் கருக்குறவன் கையில பெட்டியக் குடுக்க மாட்டேன்" என்பாய். முறுக்கு எடுப்பது இரண்டு பேர் வேலை என்பதால் மட்டும் என்னைக் கூப்பிடுவாய். நான் இறக்கையின் நுனியை எதிர்ப்பக்கமாக முறுக்கிப் பிடிக்க, உன் பழைய வெள்ளைக் காலுறையை மாட்டிய பெட்டியால் நீ மெதுவாகத் தடவி வருவாய். சுருக்கமெல்லாம் உள்வாங்கி ஃபிலிம் இறுகும். என் மணிக்கட்டு வலிக்க ஆரம்பிக்கும்போது சரியாகச் சொல்வாய்: "ஆறுற வரைக்கும் கைய எடுக்காத." சூட்டோடு விட்டால் பழையபடி முறுக்கிக்கொள்ளும்.

இந்தப் பெட்டி வேலைக்குத்தான் அந்தக் குண்டு பல்பும். மலையைத் தாண்டினால் கிளென்மார்கனில் தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்கிறார்கள், நம் லைன் வீடுகளில் மட்டும் விளக்கடியில் இருட்டு. உன் பெட்டியோ சூட்டைத் தானாக நிறுத்தத் தெரியாத பழைய பெட்டி. வோல்டேஜ் குறைந்தால் சூடு போய்விடும், திடீரென்று ஏறினால் ஃபிலிமைப் பொசுக்கிவிடும். எஸ்டேட் ஃபேக்டரிக்கே எலக்ட்ரீஷியனான நீ வீடு முழுக்க எல்.இ.டி. மாட்டிவிட்டு, மேஜைக்கு மேலே மட்டும் இதைத் தொங்கவிட்டாய். "வோல்டேஜ் எறங்குனா மங்கும், ஏறுனா பளிச்சுங்கும். பெட்டியப் பாக்காத, பல்பப் பாரு, பளிச்சுன்னா சொல்லு, தூக்கிடறேன்" என்பாய்.

நேற்று மதியம் நான் போனபோது வீடு முழுக்கச் சாக்கு மூட்டைகள். மேஜையும் பல்பும்தான் அவற்றின் இடத்தில் இருந்தன. ஃபிலிமை விரித்து ஓரங்களை ஒட்டி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது, இந்தக் குளிரில். பிறகு மல்லிகாவைக் கூப்பிட்டேன்.

"நுனியப் புடி அம்மிணி. இந்தப் பக்கமா முறுக்கு. இன்னுங் கொஞ்சம்."

"உடைஞ்சிருமோன்னு பயமா இருக்குண்ணே."

"உடையாது. நான் சொல்ற வரைக்கும் விட்றாத."

அவள் பிடித்தாள். மரக்குச்சிகளுக்கு இடையே முதல் இரண்டு கட்டம் நன்றாக இறுகியது. மூன்றாவதில் பல்பு மஞ்சளாக மங்கியது. பெட்டியை எவ்வளவு தேய்த்தாலும் சுருக்கம் அப்படியே இருந்தது. அழுத்தித் தேய்க்கலாமா என்று கை துறுதுறுத்தது. மல்லிகாவின் விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. "என்னண்ணே ஆச்சு?" என்று அவள் கேட்டதும் நான் தலையைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்துப் பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சம் மேஜைமேல் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டேன். ஒரு விரற்கடை அகலத்துக்கு ஃபிலிம் மெலிந்து, உள்ளே இருந்த மரக்குச்சி தெரிகிற மாதிரி பளபளத்தது. ஊதினேன். ஓட்டை விழவில்லை. உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், அவள் முன்னாலேயே. எனக்கு அவ்வளவு பயம்.

காலுறையைத் தொட்டுச் சூடு பார்த்துப் பார்த்து மீதியை முடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இறக்கையைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. "ஆறிடுச்சு அம்மிணி, விட்றலாம்" என்றேன். அவள் விடவில்லை.

"ஊட்டி ஆஸ்பத்திரியில அவரு கையப் புடிச்சுக்கிட்டுதாண்ணே இருந்தேன். வெளிய நில்லுங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. விட்டுட்டு வந்துட்டேன். திரும்ப உள்ள கூப்புட்டப்ப கை சில்லுனு இருந்துச்சு."

பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு நானும் இறக்கையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவளாக விட்ட பிறகுதான் மேஜையில் வைத்துப் பார்த்தேன். நான்கு மூலையும் படிந்து உட்கார்ந்தது.

இன்று காலை எஸ்டேட் கிரவுண்டில் புல்லெல்லாம் உறைபனி. வெயில் வந்ததும் பிளேனை ஏற்றினேன். ரிமோட்டை ஸ்வெட்டரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அது மேலே போய் ஒரு வட்டம் அடித்தது. மெலிந்த இடம் வெயிலில் தனியாகத் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஒன்றுதான் பாக்கி. இறக்கை நேராக இருக்கிறதா என்று பார்க்க நீ எப்போதும் செய்யச் சொல்வதுதான். இரண்டு கட்டைவிரலையும் ரிமோட்டிலிருந்து எடுத்தேன்.

"அய்யோ, கைய எடுக்காதீங்கண்ணே" என்று மல்லிகா என் முழங்கையைப் பிடித்தாள்.

"இதுக்குத்தான் நேத்து அவ்வளவு நேரம் புடிச்ச அம்மிணி. அவன் கட்டுனது. தானாப் போகும், பாரு."

போனது மச்சான். இடமும் சாயவில்லை, வலமும் சாயவில்லை. கோடு போட்ட மாதிரி தேயிலைச் சரிவைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. அவள் பிடி தளர்ந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு நேரா அந்த மனுசன் நடந்தே நான் பாத்ததில்ல" என்றாள். நான் சிரித்தேன். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுவது நல்லதல்ல என்பதால் முதலில் பிளேனை இறக்கினேன்.

சக்களத்தி இப்போது திருப்பூர் போய்க்கொண்டிருக்கிறாள், லாரியின் முன்சீட்டில், மல்லிகா மடியில்.

எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டு, கல்லாவுக்கு மேலே பல்பை மாட்டினேன். வழக்கம் போல வோல்டேஜ் இறங்கி மங்கலாகத்தான் எரிந்தது. கூடலூர் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் வர்க்கி கேட்டார். கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பல்பு பளிச்சென்றது. சுதாரிப்பதற்குள், வர்க்கிப் பொட்டலத்தோடு என் வலது கை மேஜையை விட்டு மேலே எழும்பி நின்றுவிட்டது.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க, கரண்ட் வந்துருச்சு" என்றேன்.