முறிகண்டியில் நின்ற லொறி

கொக்கிளாய்,
12.10.1980

அன்புள்ள றோசம்மாவின் அப்பாவுக்கு,

மாதாவின் காவலில் இங்கே சுகம். குவைத் வெயிலிலும் அவதான் உங்களுக்குத் துணை. மகள் றோசம்மாவுக்கு இது எட்டாம் மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். பிள்ளைப்பேற்று நோக்காட்டுக்கு முன்பே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டா மருத்துவிச்சி. எனக்கு நித்திரையே இல்லை. நம்முடைய கிழட்டு லொறியை விட்டால் வேறு வாகனம் ஏது? மழையால் பாதை உடைந்து பெற்றோலும் வருவதில்லை, கொஞ்சம்தான் மிச்சம். வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றுகிற மாதிரி மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து ஓட்டலாம் என்கிறார் மருமகன் பஸ்தியாம்பிள்ளை. சரிவருமா? உடனே எழுதுங்கள்.

மார்கிறட்


குவைத்,
30.10.1980

அன்புள்ள மார்கிறட்,

கடிதம் கண்டதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வள்ளத்துக் கலவை வேண்டாம். அவ்வளவு ஒயில் போனால் பிளக் கரிபிடிக்கும். ஒரு கான் மண்ணெண்ணெய்க்கு ஒரு மூடி ஒயில் போதும். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் திரும்பவும் பெற்றோலுக்கு வர வேண்டும். மண்ணெண்ணெயோடு நிறுத்தினால் பிறகு அந்த லொறிக்கிழவி அசையமாட்டாள். வழியில் எங்கும் நிறுத்த வேண்டாமென்று மருமகனுக்குச் சொல். இது எப்போது வந்து சேருமோ என்றுதான் பயம். லீவு கேட்க எனக்கு வாய் வருகுதில்லை.

மரியநேசன்


கொக்கிளாய்,
20.11.1980

அன்புள்ள றோசம்மாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. முடிவைக் கடைசியில்தான் சொல்லுவேன். அன்று நான் பட்டதில் கால்வாசியாவது நீங்களும் படுங்கள்.

நோக்காடு முந்திவிட்டது. வள்ளத்துக் கலவையோடுதான் புறப்பட்டோம். புகை கக்கினாலும் மாங்குளம் தாண்டி ஓடியது. முறிகண்டியில் மருமகன் நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். "பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் இந்த றோட்டால ஆர் மாமி போறது?" என்றார். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரரான நாங்களும் அங்கே நிற்காமல் போனதில்லைத்தானே, நானும் தடுக்கவில்லை. உடைத்துவிட்டு வந்தால் லொறி அசையவில்லை. பெற்றோலும் முடிந்திருந்தது. மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா நிண்டிருந்தா இதை ஓட வைச்சிருப்பார் அம்மா" என்று அழுதாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அங்கே நிற்காமல் எந்த வாகனமும் போகாதே, யாழ்ப்பாண பஸ் ஒன்றும் வந்து நின்றது. சனம் எழும்பிப் பின் சீற்றை முழுதாக விட்டுத் தந்தது. பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள். மகளும் பேரனும் சுகம். மருமகனைக் குறைசொல்லி எழுதாதீர்கள், அவர் இன்னும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

லொறி முறிகண்டியிலேயே நிற்கிறது. இழுத்துவர ஆள் பிடிக்கிறேன் என்றார் மருமகன். நான் விடவில்லை. நீங்கள் வந்து எடுங்கள்.

மார்கிறட்